ஒரு பருவம் வெளிநாட்டில்: மாணவர் பரிமாற்றத்தை நடத்துவது யார் பொறுப்பு?

கேள்வியின் எல்லை

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரு பருவத்தை வேறொரு நாட்டில் படித்துவிட்டுத் திரும்புகிறார். அங்கே படித்தது அவருடைய இங்குள்ள பட்டத்தில் சேர்கிறது. அதேபோல அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து படித்துப் போகிறார். மாணவர் பரிமாற்றம் என்பது இவ்வளவே. பட்டம் முழுவதையும் வெளிநாட்டில் படிக்கப் போவது வேறு. கட்டணம் கட்டிக் குழுவாக வந்து தங்கிப் படித்துவிட்டுப் போவதும் வேறு. மூன்றையும் ‘பன்னாட்டுக் கல்வி’ என்ற ஒரே தலைப்பில் பேசுவதால், பரிமாற்றத்துக்கே உரிய சிக்கல்கள் பெரும்பாலும் பார்வைக்கு வராமல் போகின்றன.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தனர். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் இந்தியா முழுவதிலும் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். அவர்களில் 28 விழுக்காட்டினர் நேபாளத்தவர். இவற்றில் பெரும்பங்கு முழுப் பட்டத்துக்கான கணக்கு என்பதால் பரிமாற்றத்தை இவற்றைக் கொண்டு அளக்க முடியாது. போக்கும் வரவும் எவ்வளவு ஏற்றத்தாழ்வானவை என்பதை மட்டும் இவை காட்டுகின்றன.

பரிமாற்றத்தை யார் நடத்துவது, யார் செலவில், எதற்காக என்ற கேள்விக்குக் கடந்த நூறாண்டுகளில் பல விடைகள் தரப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் பெருநகரப் பல்கலைக்கழகங்களையோ பணவசதியுள்ள தனிக் கல்லூரிகளையோ மனத்தில் வைத்து எழுந்தவை. சங்கரன்கோவிலை அவற்றுக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில், விசைத்தறியும் விவசாயமும் சார்ந்த ஊர் இது. இவ்வட்டாரத்துக் கல்லூரிகள், மேலநீலிதநல்லூர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி உட்பட, 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பாடம் ஊரில் நடக்கிறது. பட்டம் திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியிலிருந்து வருகிறது. பரிமாற்றம் பற்றிய விவாதத்தில் இந்த இடைவெளிக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதல் விடை: நல்லெண்ணம்

முதல் உலகப் போருக்குப் பிறகு எழுந்த விடை எளிமையானது: இளைஞர்கள் ஒருவரையொருவர் அறிந்தால் நாடுகளுக்கிடையே பகை குறையும். அமெரிக்காவில் பன்னாட்டுக் கல்வி நிறுவனம் 1919இல் அமைந்தது. 1923இல் டெலாவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பியது. பட்டப்படிப்பின் இடையில் ஓராண்டை வெளிநாட்டில் கழிக்கும் முறைக்கு அது முன்மாதிரியானது. தாகூர் 1921இல் விசுவபாரதியை நிறுவினார். 1937இல் அங்கே சீன பவனம் திறக்கப்பட்டது. டெலாவேரின் ஏற்பாடு தன் மாணவரை வெளியே அனுப்புவது. விசுவபாரதியின் கனவு உலகைத் தன்னிடம் வரவழைப்பது.

தமிழ்நாட்டில் இவ்வகை உறவுக்கு மதுரை நல்ல சான்று. அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்த ஓபர்லின் ஷான்சி அமைப்போடு நீண்ட காலத் தொடர்பு உண்டு. ஓபர்லின் பட்டதாரிகள் மதுரையில் வந்து தங்கிப் பணிபுரிந்தனர். மதுரை ஆசிரியர்கள் ஓபர்லினுக்குச் சென்றனர். இருபக்கமும் ஆட்கள் நகர்ந்ததால் பரிமாற்றம் என்ற பெயருக்கு இது ஓரளவு பொருந்துகிறது. அதே மதுரையில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுத் திட்டமும், அமெரிக்கக் கலைக்கல்லூரிகளின் கூட்டமைப்பு நடத்திய தென்னிந்தியப் பருவத் திட்டமும், அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் தமிழ்ப் பயிற்சியும் நடந்துள்ளன. தமிழ்க் கல்விக்கு இவற்றின் பங்களிப்பு பெரிது. ஆனால் இவை அடிப்படையில் ஒருவழித் திட்டங்கள். மாணவர் அமெரிக்காவிலிருந்து வந்தனர், அதே எண்ணிக்கையில் மதுரை மாணவர் அங்கே போகவில்லை.

நல்லெண்ண வாதத்தின் பலவீனம் அதன் உளவியல் அடிப்படையிலும் உண்டு. சந்திப்பு மட்டும் தப்பெண்ணத்தைக் குறைக்காது; சமநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவன ஆதரவு ஆகியவையும் வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954இல் வாதிட்டார். அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டவரை ஆராய்ந்த சிவெர்ரே லிஸ்கார்ட், ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலாகவோ தங்கியவர்களைவிட இடைப்பட்ட காலம் தங்கியவர்களே அங்குப் பொருந்திப்போகாமல் தவித்தனர் என்று 1955இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் இந்த வளைகோட்டை எல்லா இடத்திலும் உறுதிப்படுத்தவில்லை. எனினும், ஓராண்டுப் பரிமாற்றம் அந்தக் கடினமான காலத்துக்குள் முழுவதும் அடங்கிவிடக்கூடும் என்பதைத் திட்டம் வகுப்போர் கணக்கில் எடுக்க வேண்டியுள்ளது.

இரண்டாம் விடை: அரசின் கை

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுகள் இதை வெளியுறவுக் கொள்கையின் பகுதியாக்கின. இந்தியாவில் 1950 முக்கியமான ஆண்டு. பிப்ரவரி 2 அன்று நேருவும் அமெரிக்கத் தூதர் லாய் ஹெண்டர்சனும் ஃபுல்பிரைட் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். மௌலானா ஆசாத் இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகத்தை அதே ஆண்டில் நிறுவினார். காமன்வெல்த் நாடுகள் கொழும்புத் திட்டத்தை வகுத்ததும் அவ்வாண்டிலேயே. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடியும் இந்தக் காலத்தின் விளைவுதான்; ஜெர்மன் பல்கலைக்கழகங்களோடு அது இன்றும் நடத்திவரும் பரிமாற்றங்களுக்கு அந்தத் தொடக்க உறவு வலுவான அடித்தளம்.

அரசு நடத்தினால் பணம் நிச்சயம். விமானக் கட்டணமும் தங்கும் செலவும் மாணவர் குடும்பத்தின் மேல் விழுவதில்லை. ஆனால் அரசுத் திட்டங்களின் கட்டமைப்பைக் கவனித்தால் மூன்று குறைகள் புலப்படும். முதலாவது, தேர்வு தேசிய அளவில், ஆங்கிலத்தில், தனிநபர் போட்டியாக நடக்கிறது. தமிழ்வழியில் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தப் போட்டி தொலைவானது. இரண்டாவது, திசை பெரும்பாலும் ஒன்றே: பண்பாட்டு உறவுக் கழகத்தின் முதன்மையான உதவித்தொகைகள் வெளிநாட்டவரை இந்தியாவுக்கு அழைப்பவை; கொழும்புத் திட்டத்தின் பயிற்சி, கொடுக்கும் நாடு, பெறும் நாடு என்ற பிரிவின் மேல் நின்றது. இந்திய-அமெரிக்க ஃபுல்பிரைட் திட்டத்தில்கூட இந்தியா சம அளவில் நிதி தரத் தொடங்கியது 2008இல்தான். மூன்றாவது, அரசியல் உறவு மாறினால் திட்டமும் ஆட்டம் காணும்.

மூன்றாம் விடை: கிரெடிட் கணக்கு

ஐரோப்பா தந்த விடை நிர்வாகம் சார்ந்தது. மாணவர் வெளியே படித்ததை ஊர்ப் பல்கலைக்கழகம் ஏற்காவிட்டால் அது உல்லாசப் பயணமாகவோ, ஓராண்டு இழப்பாகவோதான் முடியும். எனவே அங்கீகாரத்தை முன்கூட்டியே ஒப்பந்தமாக்க வேண்டும். 1987இல் 11 நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்களோடு தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தின் மையக் கருத்து இதுவே. ஓராண்டுப் படிப்பை 60 கிரெடிட் என்று கொள்ளும் பொது அளவை 1989இல் சோதனையாக வந்தது. 1999ஆம் ஆண்டின் போலோன்யா பிரகடனம் அதைக் கண்டம் முழுவதும் பரவச் செய்தது. மாணவர் கிளம்பும் முன்பே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று மாணவரும் இரு பல்கலைக்கழகங்களும் ஆகிய மூன்று தரப்பும் கையெழுத்திடும் படிப்பு உடன்பாடு இம்முறையின் அச்சாணி.

இந்தியாவில் இதற்கான சட்டக் கட்டமைப்பு அண்மையில்தான் உருவாகிவருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கிரெடிட் வங்கிக்கான விதிமுறையையும், பன்னாட்டு விவகார அலுவலகம் ஒன்றை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அமைக்கச் சொல்லும் வழிகாட்டுதலையும் வெளியிட்டது. 2022 மே மாதத்து விதிமுறை மூன்று வகைக் கூட்டுகளை அனுமதிக்கிறது. இரட்டைவழிக் கல்வியில் பட்டம் இந்திய நிறுவனத்துடையது. அதில் வெளிநாட்டுக் கிரெடிட் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 30 விழுக்காட்டைத் தர வேண்டும். இரட்டைப் பட்டத்தில் இந்தியப் பங்கு 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.

இந்த விடையின் வலிமை தெளிவு. பலவீனம் அது எதிர்பார்க்கும் ஒழுங்கு. அளவை வேறுபாடு அதில் எளிதான பகுதி. மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120, நான்காண்டுக்கு 160 கிரெடிட் என்கிறது. அதாவது பருவத்துக்கு ஏறத்தாழ 20. ஐரோப்பாவில் அது 30. ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கில் மாற்றிவிடலாம். நாட்காட்டி அவ்வளவு எளிதில் இணங்காது. தமிழ்நாட்டில் ஒற்றைப்படைப் பருவம் ஜூனில் தொடங்கி நவம்பரில் தேர்வோடு முடிகிறது. வடகோளத்துப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பருவம் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கி டிசம்பரிலோ அதற்குப் பிறகோ முடிகிறது. போய்த் திரும்பும் மாணவர் இங்கே அடுத்த பருவத்தின் தொடக்கத்தைத் தவறவிடுவார், வருகைப்பதிவு குறையும், அரியர் விழும்.

இணைப்புக் கல்லூரிக்கு இதனினும் பெரிய தடை உண்டு. பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு. தேர்வு நடத்தி மதிப்பெண் பட்டியல் தருவது அதன் தேர்வாணையர் அலுவலகம். கல்லூரி முதல்வரும் வெளிநாட்டுக் கல்லூரியும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, படமெடுத்து, பத்திரிகைக்கும் கொடுக்கலாம். அந்த ஒப்பந்தத்தால் ஒரு பாடத்தைக்கூட மதிப்பெண் பட்டியலில் ஏற்ற முடியாது. 1978இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் ஒன்று. பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கையில் இருந்தால், வெளியே படித்த பாடத்துக்கு ஈடு காண்பது ஒப்பீட்டளவில் எளிதாகிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் தனியே பல்கலைக்கழக அனுமதி பெற வேண்டியிருக்கும். எராஸ்மஸ் மாதிரியை அப்படியே எடுத்தாள விரும்புவோர், அது பட்டம் தரும் நிறுவனங்களுக்கு இடையில் வகுக்கப்பட்டது என்பதைப் போதிய அளவு கருதுவதில்லை.

நான்காம் விடை: சந்தையும் தரவரிசையும்

மற்றொரு தரப்பு, வெளிநாட்டு மாணவரை வருமானமாகவும் நற்பெயராகவும் பார்க்கிறது. 2018இல் தொடங்கிய ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டமும், இந்தியாவைக் குறைந்த செலவில் தரமான கல்வி தரும் நாடாக முன்வைக்கும் 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் ஓரளவு இந்தப் பார்வையைப் பகிர்கின்றன. வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கும் மதிப்பெண் தரும் பன்னாட்டுத் தரவரிசைகள் இதற்குக் கூடுதல் உந்துதல்.

நிதி இல்லாமல் அலுவலகம் நடக்காது என்ற இவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கட்டணம் வாங்காத பரிமாற்றத்தையும் கட்டணம் தரும் சேர்க்கையையும் ஒரே அலுவலகம் நடத்தும்போது முன்னுரிமை எங்கே போகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. தரவரிசையை நுழைவுத் தகுதியாக்குவதன் விளைவும் கவனிக்கத்தக்கது. 2022 விதிமுறையின்படி முன்அனுமதியின்றிக் கூட்டு வைக்க, இந்திய நிறுவனம் தர மதிப்பீட்டு அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் 3.01 புள்ளி பெற்றிருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் நூறுக்குள் வர வேண்டும், அல்லது சிறப்புமிகு நிறுவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். போலி நிறுவனங்களை வடிகட்ட இது உதவும். பாடப்பொருத்தத்தால் நெருக்கமான, பட்டியலில் இடம்பெறாத சிறு பல்கலைக்கழகங்களையும் இது சேர்த்தே வடிகட்டிவிடக்கூடும்.

ஐந்தாம் விடை: போகாமலே பரிமாற்றம்

1998இல் தொடங்கிய சுவீடனின் மால்மோ பல்கலைக்கழகத்துக்கு, மாணவரை அனுப்ப வெளிநாட்டு உறவுகள் தொடக்கத்தில் இல்லை. ஊரிலேயே உள்ள பன்முகத்தன்மையைப் பாடமாக்குவோம் என்று அங்கிருந்த பெங்ட் நில்சன் முன்வைத்த கருத்து ‘உள்ளூரிலேயே பன்னாட்டுமயம்’ என்ற போக்காக வளர்ந்தது. 2006இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம், இரு நாட்டு வகுப்புகள் இணையவழியில் ஒரே பாடத்தைச் சேர்ந்து படிக்கும் முறைக்கென மையம் அமைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் இம்முறைக்கு ஆதரவு கூடியது.

எண்ணிக்கை அளவில் இதுவே நேர்மையான விடை என்பது இவர்கள் வாதம்: எந்த நாட்டிலும் வெளியே போகக்கூடியவர் சிறுபான்மையினரே, மற்றவர்களுக்கு என்ன வழி? விசா வேண்டாம், விமானம் வேண்டாம். சங்கரன்கோவில் கல்லூரி ஒன்றின் வணிகவியல் வகுப்பும் வேறொரு நாட்டு வகுப்பும் நெசவுத் தொழிலின் சந்தையைப் பற்றி ஆறு வாரம் சேர்ந்து ஆராய்வது சாத்தியமே. ஆனால் நேர வேறுபாடும் ஆங்கிலத் தயக்கமும் இங்கும் தடைகள். ஆசிரியரின் கூடுதல் உழைப்பு பணிக்கணக்கில் சேராவிட்டால் ஓரிரு முறைக்கு மேல் நீடிக்காது. வேற்று நாட்டில் தனியே வாழ்ந்து பெறும் தன்னம்பிக்கைக்குத் திரைவழிச் சந்திப்பு ஈடாகுமா என்பது தீராத விவாதம்.

அலுவலக மேசையில் வரும் பணிகள்

கொள்கை எதுவானாலும் அன்றாட நிர்வாகம் ஒன்றுதான். அதில் பிழைத்தால் கொள்கையும் பிழைக்கும். பரிமாற்ற ஒப்பந்தத்தின் நடைமுறை அடிப்படை, மாணவர் தம் ஊர்க் கட்டணத்தைத் தம் ஊரிலேயே கட்டிவிட்டு அங்கே கட்டணமின்றிப் படிப்பது. எனவே வருவோரும் போவோரும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். இரு நிறுவனங்களுக்கிடையே இந்தச் சமன் அடிக்கடி குலைவதால், பல நிறுவனங்கள் ஒரே வலையமைப்பில் சேர்ந்து கணக்கை நேர்செய்யும் முறை 1979இல் அமெரிக்காவில் உருவானது. தனியாக நிற்கும் சிறு கல்லூரிக்கு இத்தகைய கூட்டு இல்லாமல் சமன் காண்பது அரிது.

கட்டண விலக்கு செலவைத் தீர்ப்பதில்லை. ஜெர்மனி மாணவர் விசாவுக்கு 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ வீதம் வாழ்க்கைச் செலவுக்கு ஆதாரம் காட்டச் சொல்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்குத் தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண் திட்டம் தருவது மாதம் 1,000 ரூபாய். படிப்பைக் கைவிடாமல் இருக்க அது பலருக்கும் தேவைப்படுகிறது. இவ்விரு எண்களின் இடைவெளியை நிரப்பாமல் ‘எல்லோருக்கும் வாய்ப்பு’ என்று அறிவிப்பது, வசதியுள்ள சிலருக்கு வாய்ப்பு என்பதாகவே முடியும். மானியம் தரும் எராஸ்மஸிலேயே வசதியான குடும்பத்து மாணவரின் பங்கு கூடுதல் என்ற விமரிசனம் நெடுங்காலமாக உண்டு. மகளைத் தனியே அனுப்பக் குடும்பத்தின் இசைவைப் பெறுவதும் இங்கே அலுவலகத்தின் வேலைதான். விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

வரும் மாணவர் பக்கம் வேறு பொறுப்புகள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருவோர் 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தங்கவைக்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மாவட்டங்களில் பொதுவாகக் காவல் கண்காணிப்பாளரே பதிவு அலுவலர். நேபாளத்தவருக்கும் பூட்டானியருக்கும் விசா தேவையில்லை என்பது சிறு கல்லூரிக்கு அவ்விரு நாடுகளை எளிதாக்குகிறது. விடுதிச் சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, இரவில் உடம்புக்கு முடியாவிட்டால் யாரை அழைப்பது என்பவற்றுக்குப் பெயர் குறிப்பிட்டு ஒருவரைப் பொறுப்பாக்காத ஒப்பந்தம் முதல் சிக்கலிலேயே தடுமாறும்.

விவாதத்தில் விடுபட்ட திசை

மேற்கண்ட விடைகள் பெரும்பாலும் மேற்கை நோக்கியவை. தமிழ்க் கல்வியின் சொந்த வரலாறு வேறு பாதையைக் காட்டுகிறது. கிழக்கிலங்கையில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பொறுப்பை முதலில் ஏற்றார். தனிநாயகம் அடிகள் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்து, அண்ணாமலையில் தமிழ் படித்து, மலாயாப் பல்கலைக்கழகம் வரை சென்றார். பரிமாற்ற அலுவலகம் எதுவும் இல்லாமலே நடந்த நகர்வுகள் இவை.

இன்று யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்து விமானமும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தின் பெயரும் திருநெல்வேலிதான். தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல், வறண்ட நிலத்து வேளாண்மை போன்ற துறைகளில் மொழித்தடையின்றி ஒரு பருவம் படிக்க முடியும். செலவும் ஐரோப்பாவோடு ஒப்பிடக் குறைவு. இதற்கும் எதிர்வாதம் உண்டு. மாணவர் விரும்புவது ஆங்கிலத் தேர்ச்சியும் வேலைவாய்ப்பும் தரும் நாடுகளை. இலங்கையின் பொருளாதார, அரசியல் நிலையும் நிச்சயமற்றது. தரவரிசைத் தகுதி கூட்டுத் திட்டங்களுக்குக் குறுக்கே நிற்கலாம். இவை தள்ளிவிடக்கூடிய மறுப்புகள் அல்ல. ஆயினும், பரிமாற்றத்தின் பயனை விருப்பப் பட்டியலைக் கொண்டு மட்டும் அளப்பது போதுமா என்ற கேள்வி எழுகிறது.

மதிப்பீடு

ஐந்து விடைகளும் ஒன்றையொன்று முற்றாக நீக்குவன அல்ல. நல்லெண்ணம் உறவைத் தொடங்குகிறது. அரசு பணம் தருகிறது. கிரெடிட் கணக்கு படிப்பைக் காக்கிறது. சந்தை அலுவலகச் செலவை ஈடுகட்டுகிறது. இணையவழிக் கூட்டு போக முடியாதவரைச் சேர்க்கிறது. கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு பார்த்தால், இவற்றுள் நீடித்து நிற்கத் தேவையான குறைந்தபட்ச நிபந்தனை மூன்றாவது என்று சொல்லலாம். அங்கீகாரம் இல்லாத பரிமாற்றம் வசதியற்ற மாணவரையே முதலில் தண்டிக்கிறது. அவரால் ஒரு பருவத்தை இழக்க முடியாது.

ஆனால் அந்த அங்கீகாரத்தை இணைப்புக் கல்லூரி வரை கொண்டுசெல்லும் முறை இன்னும் தெளிவாக வகுக்கப்படவில்லை. பல்கலைக்கழக அலுவலகம் தன் வளாகத் துறைகளுக்கு மட்டும் உரியதா, நான்கு மாவட்டங்களில் பரவிய கல்லூரிகளுக்கும் உரியதா? ஈடான பாடங்களின் பட்டியலைப் பாடத்திட்டக் குழு முன்கூட்டியே ஏற்று வைக்க முடியுமா? பயணச் செலவுக்கு மாநில அரசின் உதவித்தொகைகளை ஒரு பருவத்துக்கும் நீட்டிக்கலாமா? அண்டை நாடுகளுக்குத் தரவரிசை விதியில் விலக்கு தருவது தரத்தைக் குறைக்குமா, வாய்ப்பைக் கூட்டுமா? முதல் இரண்டும் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவும் கல்விப் பேரவையும் முடிவெடுக்கக்கூடியவை; மூன்றாவது சென்னையில், நான்காவது தில்லியில் தீர்மானிக்கப்பட வேண்டியவை. திரும்பி வந்த மாணவர்களின் படிப்பும் வேலையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்படாத வரை, எந்த மாதிரி சிறந்தது என்ற தீர்ப்பை ஒத்திவைப்பதே முறை. பாட ஈட்டுப் பட்டியலை ஏற்கும் வேலை அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.